எஞ்சின்கள் நின்ற பிறகு வந்த அண்ணை

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அண்ணை பிறந்தார். அவருக்குப் பின் நானும் தங்கையும். ஊரில் படித்து, யாழ்ப்பாணத்தில் மின்வேலை பழகிக்கொண்டிருந்த நாளில் பிரச்சினை முற்றியது. அப்பா அவரை சுவிஸுக்கு அனுப்பிவைத்தார். அங்கே முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு ரயில் பணிமனையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய், மொழி படித்து, பழைய மின்சார எஞ்சின்களைத் திருத்துபவரானார். என்னையும் தங்கையையும் கரைசேர்த்தார். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்யவில்லை. அப்பாவின் செத்தவீட்டின்போது சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் அவரால் வர முடியவில்லை.

அந்த எஞ்சின்கள் அண்ணையிலும் வயதானவை. உதிரிப்பாகம் செய்த கம்பனியே இல்லாமற் போய்விட்டது. ஒன்று நின்றுவிட்டால் அதை ஓரமாக விட்டு, அதில் கழற்றியதைப் பூட்டி மற்றவற்றை ஓட்டுவார்களாம். எல்லாவற்றையும் நிறுத்தப்போகிறார்கள், அதோடு தனக்கும் ஓய்வு என்று தெரிந்த அன்று அம்மாவிடம் சொன்னார்:

“இதுகள் நிண்டவுடனை வந்திடுவன் அம்மா. இனித் திரும்பிப் போகமாட்டன்.”

ஆனால் புது எஞ்சின்கள் வரச் சுணங்கின. நிறுத்தும் திகதி தள்ளித் தள்ளிப் போனது. வெள்ளிக்கிழமை கோயிலால் வந்ததும் அம்மா தொலைபேசியில் அண்ணையிடம் கேட்கும் முதற் கேள்வி, “உதுகள் இன்னும் ஓடுதே தம்பி?” என்பதுதான். அண்ணை கமராவைத் திருப்பி, சிவப்பு நிறம் மங்கிப்போய் நிற்கும் எஞ்சின்களைக் காட்டுவார். பிடிக்காத மருமக்களைப் பார்ப்பது போல அம்மா பார்ப்பார்.

கடைசியில் அம்மா எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். எஞ்சின்கள் எல்லாம் நின்று பிள்ளை வீடு வந்து சேர்ந்தால் மோதகப் பூசை. இதை நான் சொன்னதும் அண்ணை நெடுநேரம் சிரித்தார். பாவங்கள், வயசு போனதுகளுக்கு ஏன் சாபம் போடுகிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு கடைசி எஞ்சினுக்கு, அண்ணையோடு வேலை செய்தவர்கள் பூவளையம் போட்டு அனுப்பிவைத்தார்கள். அண்ணை அந்தப் படத்தை அனுப்பினார். அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை. பங்குனியில் வந்து சேர்ந்தார். கொண்டுவந்த இரண்டு பெட்டிகளும் அறை மூலையில் அப்படியே இருக்க, காலையில் வாழைக்குத் தண்ணீர் கட்டுவதும் பின்னேரம் அம்மாவோடு கதைப்பதுமாக இருந்தார். பூசையை உடனே செய்வோம் என்றார் அம்மா. தங்கையும் கனடாவிலிருந்து வரட்டும், எல்லோரும் சேர்ந்து செய்வோம் என்று அண்ணைதான் மறித்தார்.

தங்கை வருவதற்கு முன், ஒரு மத்தியானம் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவர், நெஞ்சு அடைக்குது என்றார். வாகனம் படலைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி காணுமா என்று பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. தங்கைக்குக் கோபம். பிள்ளையாரும் வேண்டாம், பூசையும் வேண்டாம் என்றாள். அம்மா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

“பிள்ளையாரிலை பிழை இல்லைப் பிள்ளை. அண்ணை வரவேணும் எண்டுதான் கேட்டனான். வந்து இருக்கவேணும் எண்டு கேக்கேல்லை.”



அண்ணையைத் தோளில் சுமந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு தந்த அயலவர்களுக்கும், சாம்பல் கரைக்கக் கீரிமலைக் கடலுக்கு எங்களோடு வந்த உறவினருக்கும், சுவிஸிலிருந்து பூ அனுப்பிய பணிமனை நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. செத்தவீட்டுத் துடக்குக் கழிந்துவிட்டதால் வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு மோதகப் பூசை செய்கிறோம். உங்கள் எல்லோரையும் வரச்சொல்லி அம்மா சொன்னார்.