நாற்பத்திரண்டு வீட்டு நேரம்

நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. கடைசி நிலக்கடலையையும் எண்ணிக் காக்கிக் கோட்டின் வலது பையில் போட்ட பிறகுதான் ஞானவேல் வாசற்படி இறங்குவார். ஒரு வீட்டு மின்சார மீட்டரைப் படித்து முடித்தால் ஒரு கடலை வாய்க்குப் போகும். பை காலியானால் அன்றைய வேலை முடிந்தது என்று கணக்கு. வழியில் யார் கேட்டாலும் கடலை கிடையாது. ஒருமுறை அவருடைய மனைவி கண்மணி அவருக்குத் தெரியாமல் மூன்றை எடுத்துத் தின்றுவிட்டாள். அன்று அவர் மூன்று வீடுகளை விட்டுவிட்டு, நிம்மதியாகத் திரும்பி வந்து வெந்நீரில் கால் கழுவினார். மறுநாள் கரண்டு ஆபீஸில் வாங்கிய வசவை ஒரு சொல் குறையாமல் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்.

"எம் பையில கைவைக்கிறதும் ஒண்ணு, சர்க்கார் சோலியில கைவைக்கிறதும் ஒண்ணு. தெரிஞ்சுக்க."

"புளியங்கொட்டையப் போட்டு வச்சிருந்தா நான் ஏங்க தொடப்போறேன்? மணக்க மணக்க வறுத்துல்ல வச்சிருக்கீங்க" என்றாள் கண்மணி.

பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் சொந்த ஊர். கோடைக்கானலில் மீட்டர் படிக்க வந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஆள் நெட்டைதான். ஆனால் மீட்டர்களை அவருக்கும் எட்டாத உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் தோளில் எப்போதும் ஒரு முக்காலி தொங்கும். அதன்மேல் பதினொரு வருஷமாக நின்றிருக்கிறாரே தவிர, உட்கார்ந்ததில்லை. இரண்டு துண்டு வைத்திருப்பார். ஒன்று மீட்டர் கண்ணாடியின் ஈரத்தைத் துடைக்க, இன்னொன்று முகத்தைத் துடைக்க. எது எதற்கு என்பது அவருக்கு மட்டும் தெரியும். சில நாள் அவருக்கும் தெரியாது.

கைக்கடிகாரம் கட்டியதில்லை. அந்த ஊர் மூடுபனியில் சூரியனைப் பார்த்து மணி சொல்லவும் வழியில்லை. ஆகவே நேரத்தை அவர் வீடுகளால் அளந்தார். கேட்டைத் திறந்து உள்ளே போய், மீட்டரைப் படித்து, எழுதி, மறுபடியும் கேட்டைச் சாத்துகிற நேரம் ஒரு வீடு. டீ குடிக்க அரை வீடு. ஊரிலிருந்து வரும் மாமனாரோடு பேச இரண்டு வீடு, அதற்குமேல் கொடுப்பதில்லை. "குளிச்சிட்டு வர எம்புட்டு நேரமாகும்?" என்று கண்மணி கேட்டால், "வெந்நீருன்னா ஒரு வீடு. பச்சத்தண்ணின்னா கால் வீடு" என்று பதில் வரும்.

காலையில் மப்ளரைச் சுற்றும்போதே திட்டம் தயாராகிவிடும். "பத்து மணி பஸ்ஸு வாரதுக்குள்ள ஏரி ரோட்ட முடிக்கணும். மஞ்சு எறங்குறதுக்குள்ள மேட்டு பங்களாவெல்லாம் முடிக்கணும். இன்னைக்கு எவன் கூப்பிட்டாலும் நிக்கக்கூடாது." இந்தக் கடைசி வரியை அவர் தினமும் சொல்வார். தினமும் முதல் வீட்டிலேயே நின்றுவிடுவார்.

"வந்ததுதான் வந்தீங்க, இந்த இஸ்திரிப் பொட்டியக் கொஞ்சம் பாருங்கண்ணே, தொட்டா சுர்ருங்குது" என்பார்கள். இன்னொரு வீட்டில் ரேடியோ ஊமையாகக் கிடக்கும். பங்களாக் காவலுக்கு இருக்கும் பிச்சையம்மாள், துரைமார் காலத்துக் கோப்பையில் காபி கொடுத்து, டைகர் என்ற நாயின் உடல்நிலையை வால் வரைக்கும் விவரிப்பாள். ரிட்டயரான குமாஸ்தா இராமலிங்கம் வீட்டில் இரண்டு வீட்டு நேரம் கட்டாயம் போகும். "நான் தூங்குறப்பவும் இது சுத்துதேய்யா, யாருக்காகச் சுத்துது?" என்பது அவருடைய மாதாந்தரக் கேள்வி.

"மீட்டர் பாக்கக் கால் வீடு. மிச்ச முக்கா வீடு ஊருக்கு" என்று ஞானவேல் அலுத்துக்கொள்வார். ஆனால் அந்த முக்கால் வீட்டையும் அவர் வேலையில்தான் சேர்த்திருந்தார். காபியை வேண்டாம் என்று சொன்னால் அடுத்த மாதம் பங்களாச் சாவி கிடைக்காது. இஸ்திரிப் பெட்டியைப் பார்க்காவிட்டால் நாய் அவிழ்ந்து கிடக்கும். இதை அவர் ஓவர்சியர் திருமலைச்சாமியிடம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். "சாவிக்கும் காபிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று ஒவ்வொரு முறையும் ஓவர்சியர் கேட்டார். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சம்பந்தம் தெரிய நியாயமில்லை.

அவருடைய இடது முழங்கால் இரண்டு வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இன்னொரு ஆள் வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் அந்த மனுவுக்கு உயிர் வந்தது. வட்டக்கானலுக்குப் புதிதாகக் கம்பம் நட்டுக் கரண்டு கொடுத்திருந்தார்கள். அந்த மீட்டர்களை யார் படிப்பது என்ற கேள்வி வந்தது.

"செவ்வாக்கெழம நானே வாட்சோட ஒங்ககூட வாரேன்" என்றார் ஓவர்சியர். "நாப்பத்திரெண்டு வீடும் முடிய பொழுது சாஞ்சிருச்சுன்னா, ரெண்டாவது ஆள் வேணும்னு நானே எழுதுறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிட்டா, வட்டக்கானலும் ஒங்களுக்குத்தான். பேச்சு மாறக்கூடாது."

வட்டக்கானல் என்றால் கிடுகிடு இறக்கம். போகும்போது முழங்கால் கெஞ்சும், வரும்போது நெஞ்சு கெஞ்சும்.

"அன்னைக்கு ஒருநா நொண்டி நொண்டி நடங்களேன், யாரு கேக்கப்போறா?" என்றாள் கண்மணி.

ஞானவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினோரு வருசத்துல ஒரு நம்பர் தப்பா எழுதினதில்ல. நடையில பொய்யெழுதச் சொல்றியா? நான் எப்பவும்போலத்தான் நடப்பேன். நிறுத்துறதுக்கு ஊரு இருக்கு."

ஊர்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

திங்கட்கிழமை மூஞ்சிக்கல் பஜாரில் அப்துல் சலாமின் கடைக்கு டீத்தூள் வாங்கப் போனார். "நாளைக்கு ஓவர்சியர் கையில வாட்சோட எங்கூட வாராரு பாய்" என்று மட்டும் சொன்னார். வட்டக்கானல் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால், என்னை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டதுபோல் ஆகிவிடும் என்று கூச்சப்பட்டார்.

அப்துல் சலாம் நிறுத்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே வைத்துவிட்டார். அதிகாரி ஒருவர் சோதனைக்கு வருகிறார் என்றால் பஜாரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆளுக்கு ஆபத்து. சோதனைக்கு முதல் நாள் தராசைத் துடைத்து, மூட்டைகளை வரிசையாக அடுக்கி, பூனையை அடுத்த கடைக்கு அனுப்பிவைப்பது அவர்களுடைய வழக்கம். இப்போது கடைக்குப் பதிலாக ஊரையே துடைத்து அடுக்க வேண்டியிருந்தது. பால்காரரிடமும் ரொட்டிக்காரரிடமும் சொல்லி அனுப்பினார். "ஞானவேலண்ணன் மெதுவா நடக்காருன்னு யாரோ பெட்டிசன் போட்டிருக்கான். நாளைக்கு யாரும் அவரைப் பிடிச்சு வைக்கப்பிடாது." பெட்டிஷன் என்பது அவருடைய சொந்தச் சரக்கு. இருட்டுவதற்குள் நாற்பத்திரண்டு கேட்டுகளுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணி. முதல் வீட்டின் கேட் அகலத் திறந்து கிடந்தது. மீட்டருக்கு நேர்கீழே மேஜை போட்டிருந்தார்கள். மீட்டர் கண்ணாடி பளபளத்தது. அந்த வீட்டு அம்மாள் மீட்டர் கணக்கு எழுதும் அட்டையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"இஸ்திரிப் பொட்டி எப்படியிருக்கு தாயி?" என்று ஞானவேலே கேட்டார்.

"தங்கமாக் காயுதுண்ணே. நீங்க கெளம்புங்க."

"ரெண்டு நிமிஷம்" என்று ஓவர்சியர் குறித்துக்கொண்டார்.

அடுத்த வீட்டில் ரேடியோ நன்றாகப் பாடுவதாகச் சொன்னார்கள். அது வாயே திறக்கவில்லை என்பது தெருவுக்கே கேட்டது. அதற்கடுத்த நான்கு வீடுகளில் யாரும் பேசவே இல்லை. அட்டையைக் கொடுத்தார்கள், வாங்கினார்கள், கும்பிட்டார்கள். கடலைகள் இவ்வளவு வேகமாக வயிற்றுக்குள் போய் ஞானவேலுக்குப் பழக்கமில்லை. பிச்சையம்மாளின் பங்களாவில் விக்கல் பிடித்துக்கொண்டது. அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"கொஞ்சம் தண்ணி குடு தாயி. டைகருக்கு ஒடம்பு எப்படி? உக்காந்து வெவரமாச் சொல்லு."

"அதுக்கென்ன, கல்லுகணக்கா இருக்கு. நீங்க வெரசா நடங்க, தண்ணிய நான் கொண்டாறேன்" என்றவள், செம்போடு அவருக்கு முன்னால் ஓடி அடுத்த கேட்டருகே நின்றுகொண்டாள். குடித்த செம்பைத் திருப்பி வாங்கும்போது ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

"நல்ல ஊருய்யா" என்றார் ஓவர்சியர். "இங்கியா ரெண்டாவது ஆள் கேட்டீங்க?"

முழங்கால் வலி தொடையைப் பிடித்தது. இப்போது நொண்டினால் கண்மணி சொல்லிக்கொடுத்த நடிப்பு என்றாகிவிடும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றாலும், அவருக்குத் தெரியுமே. அதனால் வழக்கத்தைவிட விறைப்பாக, ஒரு பட்டாளத்துக்காரரைப்போல நடந்தார்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை இராமலிங்கம். உலகமே திருந்தினாலும் அந்த மனிதர் இரண்டு வீட்டு நேரத்தைச் சாப்பிடாமல் விடமாட்டார். கேட்டருகே கையில் ஒரு காகிதத்தோடு அவர் நின்றிருந்தார்.

"வெள்ளனே எந்திரிச்சு நானே படிச்சு எழுதி வச்சுட்டேன். நீங்க ஒருதரம் ஒத்துப் பாத்துட்டுப் போய்க்கிட்டே இருங்க."

"இல்லீங்க, அது நீங்க தூங்குறப்பவும் சுத்துதுன்னு..."

"சுத்தட்டும்யா! அதோட சோலி அது. நம்ம வழக்க அடுத்த மாசம் வச்சுக்குவோம்."

கடைசிக் கடலையை மென்று விழுங்கியபோது மணி பன்னிரண்டு இருபது. பதினொரு வருஷத்தில் முதல்முறையாக, காலையில் போட்ட திட்டத்துக்கும் முந்தியே வேலை முடிந்திருந்தது. அதற்காகச் சந்தோஷப்படுவதா என்று ஞானவேலுக்குத் தெரியவில்லை. மிச்சமான அந்தப் பாதி நாள் தன்னுடையதா, யாருடையது என்றும் புரியவில்லை.

"வர்ற ஒண்ணாந் தேதியிலேருந்து வட்டக்கானல்" என்று சொல்லி, ஓவர்சியர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அப்துல் சலாமின் கடைவாசலில் சிறு கூட்டம் காத்திருந்தது. பிச்சையம்மாள் செம்பை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். இராமலிங்கம் குல்லாவோடு வந்து நின்றிருந்தார்.

"என்னண்ணே, பாஸா?"

ஞானவேல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள் பிச்சையம்மாள். "டைகரக் காலையிலேருந்து கட்டிப்போட்டிருக்கேன், பாவம் அது. வீணாப் போகலையில்ல?"

"பாஸுதான் தாயி."

கடைவாசல் கலகலத்தது. "நான் சொல்லல? நம்ம ஆளுக பூரா ஒரே சொல்லுல நின்னுட்டாகல்ல!" என்று அப்துல் சலாம் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். டீ வந்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் எத்தனை நிமிஷத்தில் ஆளை அனுப்பினோம் என்று போட்டிபோட்டுச் சொன்னார்கள். ஞானவேல் எல்லோருக்கும் தலையாட்டினார், சிரிக்கவும் சிரித்தார்.

டீயைக் குடித்து முடித்தவர் கடையின் மூலைக்குப் போனார். மலை பார்க்க வருகிறவர்களுக்கு விற்பதற்காக அங்கே ஒரு தகர டின்னில் ஊன்றுதடிகள் செருகி வைக்கப்பட்டிருந்தன.

"அது டூரிஸ்ட்டுகளுக்கு உள்ளதாச்சேண்ணே, ஒங்களுக்கு எதுக்கு?" என்றார் அப்துல் சலாம்.

ஞானவேல் ஒரு தடியை உருவிப் படிக்கல்லில் ஊன்றி அழுத்தினார். அது லேசாக வளைந்தது. திரும்ப வைத்துவிட்டு, அதைவிடக் கனமான இன்னொன்றை எடுத்தார். இடது கையில் மாற்றிப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் மெல்ல அதன்மேல் இறக்கிப் பார்த்தார்.