இருவருக்கும் பங்கு வைத்த சரிவு

ஏற்காட்டில் எனக்கிருந்த மதிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் புவியியல் கற்பித்து, துறைத்தலைவராக ஓய்வு பெற்றவன் நான். கிளியூர்ப் பக்கம் சொந்தமாகச் சிறிய காப்பித் தோட்டம் உண்டு. எல்லைத் தகராறோ வழித் தகராறோ, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அழைக்கிற ஆளாக இருந்தேன். சொல்லை மாற்றிப் பேசினேன் என்று என்னைப் பற்றி எவரும் அதுவரை சொன்னதில்லை.

அந்த மதிப்பை நம்பித்தான் அடுத்த எஸ்டேட்டின் அண்ணன் தம்பி இருவரும் என்னிடம் வந்தார்கள். தந்தை காலமானபின் நிலத்தில் வீடுகள் கட்டி விற்பதென்று முடிவு செய்திருந்தார்கள். எப்படிக் கட்டுவது என்பதில்தான் பிணக்கு. சரிவு முழுவதும் தனித்தனி பங்களாக்கள் என்றார் அண்ணன். சாலையோர மூலையில் ஒரே அடுக்குமாடி என்றார் தம்பி. சரிவின் அடிவாரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கின்றன. சரிவின் இடைப்பகுதியில் கசியும் ஊற்று ஒன்றே அவர்களுக்குக் குடிநீர்.

காப்பி காயவைக்கும் களத்தில் கூடிப் பேசினோம்.

“மலைக்கு வர்றவன் பக்கத்து ஊட்டுக் குக்கர் விசிலைக் கேக்கவாங்க வர்றான்?” என்றார் அண்ணன்.

“உங்களுக்கு விசில் கேக்காட்டிப் பசியே எடுக்காதுங்களேண்ணா,” என்றார் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். களத்தின் ஓரத்தில் நின்றிருந்த, லைனில் குடியிருக்கும் காப்பி பறிக்கும் பெண்மணி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “ஏனுங்க, எங்க வேணும்னாலும் கட்டிக்குங்க. எங்க ஊத்துல தண்ணி நிக்குமான்னு ஐயா சொல்லட்டும்ங்க,” என்றார்.

நான் எடுத்துச் சொன்னேன். தள்ளித் தள்ளி நிற்கும் வீடுகள் மலைக்கு இதமானவை என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். நிழல் மரம் நின்றால் தோட்டம் நிற்கிறது என்பதே இவர்களுடைய கணக்கு. ஆனால் ஒவ்வொரு பங்களாவுக்கும் தனிப் பாதை வேண்டும். சரிவை வெட்டிச் சமன்செய்த தளமும் தாங்குசுவரும் வேண்டும். தனி ஆழ்துளைக் கிணறும் கழிவுத் தொட்டியும் வேண்டும். மழைநீர் மண்ணில் இறங்குவதற்காகக் காப்பிச் செடிகளுக்கிடையே வெட்டியிருக்கும் தொட்டில் குழிகள் அத்தனையும் மூடப்படும். அதே வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் எழுப்பினால் மறைகிற மண் குறைவு; பாதை ஒன்று; கழிவுநீரையும் ஓரிடத்தில் சுத்திகரிக்கலாம். அடுக்குமாடியும் தீங்கற்றதன்று. அதன் பாரம் பெரிது. தண்ணீர்த் தேவையும் பெரிது. ஆகவே கூரையில் விழும் மழையைச் சேமித்துக்கொள்ள வேண்டும். ஊற்றுக்கு மேலே துளை போடக்கூடாது. எஞ்சிய சரிவு என்றென்றும் காப்பித் தோட்டமாகவே இருக்குமென்று பத்திரத்தில் எழுத வேண்டும். இவற்றுக்கு ஒப்பினால் மட்டுமே மூலையில் கட்டலாம் என்றேன்.

குப்பனூரிலிருந்து வந்திருந்த அவர்களுடைய தாய்மாமன் எழுந்தார். “ஐயா நொம்ப நல்லா எடுத்துச் சொல்லிட்டாருங்க. பெரியவனும் மனசு நோவக் கூடாது, சின்னவனும் நோவக் கூடாது. மூலை சின்னவனுக்கு, சரிவு பெரியவனுக்கு. முடிஞ்சுதுங்களா?”

எங்கள் பக்கத்தில் தகராறு தீர்க்கும் முறை இதுதான். தோற்றவனாக யாரும் வீடு திரும்பக் கூடாது. வாய்க்கால் முறைக்கும் வரப்புக்கும் நானே பலமுறை அப்படித் தீர்த்துவைத்திருக்கிறேன். ஆனால் இங்கே இரண்டையும் கட்டினால் இரண்டின் கேடும் சேர்ந்தே அந்த ஊற்றின்மேல் விழும்.

“நான் சொன்னது அதுவல்ல,” என்றேன்.

“கோவிச்சுக்காதீங்க சார், காப்பி ஆறுதுங்க,” என்றார் அவர்.

குடிக்காமல் எழுந்து வந்தேன். அதை மரியாதைக் குறைவு என்று பேசியவர்களும் உண்டு.

மூலையில் அடுக்குமாடி எழுந்தது. அதன் பூச்சு காயுமுன்னே சரிவில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிழலுக்கு நட்டிருந்த சில்வர் ஓக் மரங்களை மட்டும் தொடாமல் விட்டார்கள். கரடியூர்ச் சாலையிலிருந்து பார்த்தால் மலை பழைய பச்சையாகவே தெரிந்தது. “ஒரு மரத்தைக் கூட வெட்டலீங்க பாத்தீங்களா?” என்று அண்ணன் என்னிடமே பெருமையாகக் கேட்டார். மரங்களுக்குக் கீழே தொட்டில் குழிகள் மறைந்து, செம்மண் படிப்படியாக வெட்டப்பட்டுக் கிடந்தது.

முதல் பெருமழைக்குப் பிறகு அந்தப் பெண்மணி என் வாசலுக்கு வந்தார். “ஐயா, ஊத்து செவந்து வருதுங்க.” காய்ச்சிக் குடியுங்கள் என்றேன். அடுத்த கோடையில் பங்களாக்காரர்கள் ஆளுக்கொரு துளை போட்டார்கள். ஊற்று பாறையில் ஓர் ஈரக்கறையாகச் சுருங்கியது. இப்போது லைனுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. சில நாட்களில் வருவதில்லை.

சென்ற வாரம் சரிவில் ஏறிப் பார்த்தேன். லைன் வீடுகளுக்கு நேர் மேலே நிலத்தில் வில்போல வளைந்து ஒரு வெடிப்பு. அதன் கீழ்ப்பக்கத்துப் புல்தரை இறங்கியிருந்தது. மழை நின்று பல நாளாகியும் மேலேயுள்ள தாங்குசுவரின் மூட்டுகளிலிருந்து கலங்கிய நீர் கசிந்துகொண்டிருந்தது. அதிகாரிகளுக்குத் தெரிவித்தேன். வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுமையாகத் தொடங்கவில்லை.

இறங்கும்போது அந்தப் பெண்மணியிடம், மழை வலுத்தால் மேலேயுள்ள மண் சரியலாம், இங்கே தங்காதீர்கள் என்றேன்.

“பெரிய பொண்ணு ஊட்டுக்குப் போயிருவோம்ங்க. மாட்டை எங்க கட்டறதுன்னுதான் தெரியலீங்க,” என்றவர், சற்றுத் தயங்கிக் கேட்டார்: “ஏனுங்க ஐயா, நீங்க சரின்னு சொன்னதுக்கு அப்பறந்தான் கட்டுனாங்களாமே?”

வீடு வாங்க வருகிறவர்களிடம் சகோதரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பஸ் நிறுத்தத்திலும் அதுவே பேச்சு. அது உண்மையன்று. சரிவைத் தொடாமல் விட்டால் மட்டுமே மூலையில் கட்டலாம் என்றேன். சரிவைத் தொட்டார்கள். அங்கே எழுந்த எந்தக் கட்டடத்துக்கும் நான் சம்மதம் தரவில்லை.