ராமையா இறந்துவிட்டார் என்று எழுதினேன்

உயிரோடிருந்த ஒரு மனிதரை நான் எழுதியே கொன்றேன். ஆம், நான்தான்! உங்களிடம் எதற்கு மழுப்ப வேண்டும்?

மாத்தளையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் குடும்பக் கதைகளை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புவேன். படித்து மனமிரங்குகிறவர்கள் அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைப்பார்கள்.

அப்படி ஒரு பிள்ளையான தர்ஷினியின் அப்பா ராமையா, மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். தாய் சிவகாமி கொழுந்து பறித்துக் கொண்டுவரும் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இது போதாதா? எனக்குப் போதவில்லை... 'தந்தை விழுந்து இறந்துவிட்டார்' என்று எழுதினேன். அப்படி எழுதும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

உதவி வந்தது. தர்ஷினி டவுன் பாடசாலையில் உயர்தர வகுப்பில் சேர்ந்தாள். புண்ணியம் செய்துவிட்டதாக நானும் பூரித்துப் போனேன்!

பிறகு, உதவி செய்த அம்மையார் பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டு வந்தார். கூடவே கொழும்பிலிருந்து எங்கள் தமிழ் அதிகாரி ஒருவர். அவர் கண்ணுக்குப் பொட்டும் தாலியும் தப்புமா? அவர்கள் வருவதற்கு முதல்நாளே, தர்ஷினியின் குடும்பம் இருந்த லயத்து வீட்டுக்கு ஓடினேன். நான் எழுதியதைச் சொல்லி அழுதேன்.

ராமையாதான் பேசினார்.

"அழாதீங்க மிஸ். அவங்க வர்ற நேரத்துக்கு நான் மேல மிளகுத் தோட்டத்துப் பக்கம் போயிடுறேன். புள்ள படிப்பு நின்னுறக் கூடாதுங்க."

மறுநாள் காலை சிவகாமி பொட்டை அழித்தாள். தாலியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். "மாரியாத்தா, பொறுத்துக்க தாயி" என்றாள். ஒரு சுமங்கலியை அப்படி நிற்க வைத்தேனே... நானும் ஒரு பெண்தானா?

அம்மையார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். தாமும் கணவரை இழந்தவர் என்றார். அதைத் தமிழில் சொன்னதும் நான்தான்! சிவகாமி உடைந்து அழுதாள். அது நடிப்பில்லை.

அப்பாவை நினைத்துக்கொள்வாயா என்று அவர் தர்ஷினியிடம் கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் நெனச்சுக்குவேன்" என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்தபடி. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

வாகனம் போன பிறகு, மன்னிப்புக் கேட்க நான் பின்தங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ராமையா தடியை ஊன்றி மேலிருந்து இறங்கி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கால் முழுவதும் அட்டைக்கடி. வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"மிஸ்... நான் இப்ப உள்ள வரலாமாங்க?"

தம் வீட்டுக்குள் நுழைய என்னிடம் கேட்டார்! மன்னிப்புக் கேட்காமலே வாசலை விட்டு விலகி அவருக்கு வழிவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடு என்கிறீர்களா? சொன்னால் தர்ஷினியின் படிப்பு என்னாகும்? சொல்லாமல் இருந்தால்...

அம்மையார் அடுத்த வருடமும் வருகிறாராம். ராமையாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.