செவலை நலமா, கவுன்சிலரே?

செவலை நாய் கலையரசனைக் கடித்தபோது காலை மணி ஆறு. பால் பாக்கெட் வாங்கப் போனவர் வாங்காமலே திரும்பினார். வலது கெண்டைக்காலில் மூன்று பல் பதிந்திருந்தது. அதில் இரண்டு ரத்தம் பார்த்தவை. கரை வேட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. கரை வேட்டி மூடாத விஷயம் நம் ஊரில் எது?

திருவண்ணாமலையில் அவர் எந்த வார்டு கவுன்சிலர் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் வந்து உட்காராத காதுகுத்து அந்த வார்டில் நடந்ததில்லை, அவர் மாலை விழாத சாவும் கிடையாது. அது போதும்.

நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு சமூக நலச் சங்கம் அவருக்குக் கேடயம் தருவதாக இருந்தது. 'நாய்த்தொல்லையே இல்லாத வார்டு.' அழைப்பிதழில் அவர் படம் இருந்தது, பின்னால் மலை இருந்தது.

அந்தப் பெயரை அவர் வாங்கிய விதம் சுலபமானது. வார்டில் யாரை நாய் கடித்தாலும் ஓடி வந்து அவரே ஆட்டோவில் ஏற்றிவிடுவார். ஏறும்போது காதோரம் குனிந்து ஒன்று சொல்வார். "சீட்டு போடறப்ப பக்கத்து வார்டுல கடிச்சிதுன்னு சொல்லுங்க. சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருந்தேன்னு சொல்லிடுங்க." ஆறு மாதத்தில் நாய்கள் பதினேழு பேரைக் கடித்தும், ஆஸ்பத்திரியின் கடிப் பதிவேட்டில் அவர் வார்டுக்கான பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

நாய் பிடிக்கும் வண்டிக்கு அந்தப் பதிவேடுதான் வழிகாட்டி. பக்கத்து வார்டுக்கு மூன்று முறை போய், அங்கிருந்த நாய்களுக்கெல்லாம் வெறிநோய் ஊசி போட்டு, கழுத்தில் ஊதா நிறப் பட்டி மாட்டிவிட்டது. இந்த வார்டுப் பக்கம் வண்டி திரும்பவே இல்லை. கடித்துவிட்டு நிதானமாக நடந்த செவலையின் கழுத்தைத்தான் கலையரசன் முதலில் பார்த்தார். வெறும் கழுத்து.

"ஏங்க, பால் எங்க?" என்றார் மனைவி அருணாதேவி.

"கடை தொறக்கல."

"இன்னாத்துக்கு நொண்டறீங்க?"

"செருப்பு கடிச்சிடுச்சி."

குளியலறையில் ஒரு முழு சோப்பைக் கரைத்தார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில் வார்டு கேட்பார்கள். தனியாரிடம் போகலாம் என்றால், அவருக்குத் தெரிந்த டாக்டர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்தச் சங்கத்தின் தலைவர், இன்னொருவர் பொருளாளர். ஐந்து மணிக்குக் கேடயம், ஆறு மணிக்கு ஊசி என்று முடிவு செய்தார். பதினோரு மணி நேரம் உயிரோடு இருந்தால் போதும்.

பத்து மணிக்குக் காதுகுத்து. குழந்தை வீறிட்டதும் அதன் தாய்மாமனைவிட இவருக்கு அதிகம் வியர்த்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வெறிநோய் வந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்று எங்கோ கேட்டது அப்போதுதானா நினைவுக்கு வர வேண்டும்? டம்ளரைப் பார்த்தார். குடிக்காமல் கீழே வைத்தார். அந்த நோய் வர நாளாகும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

பதினொன்றரைக்குத் தண்ணீர்ப் பந்தல் திறப்பு. செங்கம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் பீர் முகம்மது சித்திரை பிறந்தால் கடை வாசலில் பந்தல் போட்டுவிடுவார். திறந்து வைப்பவர்தான் முதல் டம்ளரைக் குடிக்க வேண்டும், அது அங்கே வழக்கம். கலையரசன் ரிப்பனை வெட்டினார். டம்ளர் கைக்கு வந்தது. நாற்பது பேர் தாகத்தோடு காத்திருந்தார்கள். வாயில் ஊற்றினார். புரையேறி, தண்ணீரெல்லாம் சட்டையில்.

"இன்னா கவுன்சிலரே," பீர் முகம்மது சிரித்தார், "தண்ணியக் கண்டா பயமா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்டார். கலையரசன் டம்ளரைப் போட்டுவிட்டு, போகிற ஆட்டோவை மறித்து ஏறினார்.

அரசு ஆஸ்பத்திரி ஊசி வரிசையில் அவருக்கு முன்னால் பூக்காரி தங்கம்மாள் நின்றிருந்தாள். போன வாரம் இவரே ஆட்டோ ஏற்றி அனுப்பியவள்.

"அட, உன்னயுமா நைனா? எந்த நாயி?"

"செவலை. மெதுவாப் பேசும்மா."

"பால் கடையாண்ட படுத்துனு இருக்குமே? அதேதான். எனக்கும் அதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டா பக்கத்து வார்டுன்னு சொல்லிடு. நீ சொல்லிக் குடுத்ததுதான?"

சீட்டு எழுதிய கவிநிலா நிமிர்ந்து பார்க்கவில்லை. "எங்க கடிச்சிது?"

"கெண்டைக்கால்ல."

"எந்த வார்டுல சார்?"

சொல்லிப் பழகிய பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பொய் சொன்னால் வண்டி நாலாவது தடவையும் பக்கத்து வார்டுக்கே போகும். செவலை பால் கடையருகே படுத்தே இருக்கும். காலையில் அவர் பால் வாங்கவில்லை. சாயங்காலம் அருணாதேவிதான் போவாள். அவள் நாயைப் பார்த்து நடக்கிறவள் இல்லை, போனைப் பார்த்து நடக்கிறவள்.

தன் வார்டு எண்ணைச் சொன்னார். குரல் அளவு மீறி, வரிசை முழுக்கக் கேட்டது.

"என்னுதையும் மாத்தி எழுதிடும்மா," என்றாள் தங்கம்மாள்.

கையில் ஊசி, காயத்தைச் சுற்றியும் ஊசி. "இன்னும் மூணு தடவை வரணும், தேதியத் தவற விடாதீங்க," என்றார் நர்ஸ். "அந்த நாயப் பத்து நாள் கவனிங்க சார். நல்லா இருந்தா கவலையில்ல. செத்தாலோ காணாமப் போனாலோ உடனே வந்து சொல்லுங்க."

வெளியே வந்ததும் போன். சங்கச் செயலாளர் சகாதேவன். "தலைவரே, கேடயத்துல உங்க பேரு பொறிச்சாச்சு!"

"வேற யாருக்குனா குடுத்துடுங்க."

"யாருக்கு? பக்கத்து வார்டுல ஒரே கடியா இருக்கே!"

"அதுல பதினேழு எங்களுது சகாதேவன்."

நாய் வண்டி சித்ரா பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் வரும் என்றார்கள். அதுவரை கலையரசனின் முதல் நிகழ்ச்சி காலை ஆறு மணிக்குச் செவலையைப் பார்ப்பது. எட்டடி தள்ளி நின்று பிஸ்கெட் எறிவார். தின்கிறதா, வாயில் நுரை உண்டா என்று பார்ப்பார். பிறகுதான் பல் துலக்குவார். வார்டில் யாரும் குழாயையோ சாக்கடையையோ பற்றிக் கேட்பதில்லை. "செவலை நலமா, கவுன்சிலரே?" என்றுதான் கேட்டார்கள்.

பத்தாம் நாள் சித்ரா பௌர்ணமி. காலையில் செவலையைக் காணவில்லை.

"கூட்டத்தோட கிரிவலம் போயிருக்கும்," என்றாள் தங்கம்மாள். "யாரு பிஸ்கெட் போட்டாலும் பின்னாடியே போவும் அது."

கலையரசன் கிரிவலப் பாதையில், வெயிலில் நடந்தார். நடந்தவர்களில் மலையைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். கடைகளுக்கு அடியில், வண்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தார். எதிர்ப்பட்டவர்கள், "கவுன்சிலருக்கு இன்னா பக்தி!" என்று வியந்தார்கள்.

அடி அண்ணாமலையில் ஒரு கரும்புச் சாறு கடையோரம், ஈர மண்ணில், செவலை கிடந்தது. விலா அசைகிறதா? வெயிலில் கண் கூசியது. கிட்டப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். கடைக்காரம்மா ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நாயின் முன் தள்ளினாள்.

செவலை எழுந்தது. சளக் சளக்கென்று, தட்டு காலியாகும்வரை குடித்தது.

கலையரசன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் ஒரு டம்ளர் தண்ணி குடும்மா," என்றார். ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்து முடித்துக் குனிந்தபோது, செவலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கலையரசன் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, ஓரடி பின்னால் நகர்ந்தார்.