மீசைக்கு நூறு மீற்றர்

வேட்டைக்காரனுக்குத் துவக்குப் பிடிக்கத் தெரிந்தால் போதாது, தூரம் பார்க்கவும் தெரியவேண்டும். அவனுக்குக் குறி காட்டுகிறவனுக்கு இரண்டும் வேண்டாம், தலையைக் குனியத் தெரிந்தால் போதும்.

எண்பதுகளின் நடுவில், அகதியாகப் போன நாட்டில், கூர் என்ற நகரத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் நான் பார்த்த வேலை அது. கிழமை நாட்களில் றோஸ்மாரி என்ற முதலாளியம்மாவின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுவேன். சனிக்கிழமைகளில் ஊர்ச் சுடுதளத்தில், இலக்குப் பலகைக்குக் கீழே குழிக்குள் இருந்துகொண்டு, குண்டு பட்ட இடத்தைக் கோலில் பூட்டிய வட்டத்தட்டால் காட்டுவேன். சொந்த நாட்டில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு அந்தச் சத்தத்துக்குக் கீழேயே உத்தியோகம். கோப்பை கழுவிக் கை வெளுத்த என் சகோதரங்களே, நீங்கள் சிரிக்கக் கூடாது.

அந்த வருடம் றோஸ்மாரி வேட்டைப் பரீட்சையை இரண்டாம் தரம் எடுக்க இருந்தா. முதல் தரம் எல்லாம் சரி, தூரம் மதிப்பிடுவதில்தான் விழுந்தவ. செத்துப்போன தகப்பனின் துவக்கு கடைச் சுவரில் தொங்கியது. இந்தமுறையும் தவறினால் அது தங்கை புருஷன் றெத்தோவுக்கு என்று குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். றெத்தோ அதற்கு இப்போதே ஒரு புதுத் தோல்வார் வாங்கி வைத்திருந்தார்.

சிவப்புக் கொடி

குண்டு பலகையில் படாவிட்டால் குழிக்குள் இருந்து சிவப்புக் கொடி ஆட்டவேண்டும். றெத்தோ சுட வந்தால் எனக்குத் தோள்மூட்டு நோகும். ஒருநாள் அவர் சுட்ட குண்டு பக்கத்து மலையைச் சுற்றிவிட்டு அவர் முதுகுப் பக்கமாகத் திரும்பி வந்தது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்பவேண்டாம். கொடியை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

பின்னேரம் குழி வாசலுக்கே வந்துவிட்டார். “தவறினதெண்டு காட்டு, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா கோயில் கொடியேத்தம் மாதிரி ஆட்டாதை.” கொடியேற்றம் நான் சேர்த்தது. மிச்சம் அவர் சொன்னதுதான்.

உதிலைதான்

றோஸ்மாரி பயிற்சிக்கு எங்களைப் பிடித்தா. என்னோடு கோப்பை கழுவிய குணம் அண்ணை மேய்ச்சல் சரிவில் ஏறிப் போய் நிற்பார். அவ கீழே இருந்து தூரம் சொல்லுவா. பிறகு அவர் கால்களால் அளந்தபடி இறங்கிவந்து சரியான கணக்கைச் சொல்லவேண்டும். ஆனால் குணம் அண்ணைக்கு, நடந்து களைத்தவரிடம் தூரம் என்று சொல்லுவது மரியாதையில்லை. எங்கள் பக்கத்தில் யார் வழி கேட்டாலும் “உதிலைதான், கிட்ட” என்றுதானே சொல்லுவோம். அன்றைக்கு எவ்வளவு என்று கேட்டபோதெல்லாம் அவர், “உதிலைதான்” என்றார்.

றோஸ்மாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தா. “இந்த மனுசன் நல்லவர். ஆனா இவரை நம்பிச் சுட்டால் ஆடு தனக்கு ஆயுள் கெட்டியெண்டு நினைக்கும்.”

மீசை

ஆகவே சரிவில் ஏறும் வேலை எனக்கு வந்தது. பெரிய சட்டியின் மூடியைப் பிடித்தபடி நிற்பேன். ஆடாமல் நின்ற நிலையில் ஒரு மலைக்காகம் என் தோளில் கூடு கட்டச் சுள்ளி கொண்டுவந்தது. றோஸ்மாரி மூடியைப் பார்க்கவில்லை, என் மீசையைப் பார்த்துக் கணக்குப் போட்டா. மீசை வடிவாகத் தெரிந்தால் நூறு மீற்றர். பூச்சி மாதிரி மங்கினால் நூற்றைம்பது. காணாமல் போனால் இருநூறு. பிழையே வருவதில்லை. கடை முழுக்கச் சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து என் அகதி விசாரணைக்கு அழைப்பு வந்தது. அடையாள அட்டைப் படத்தில் எனக்கு மீசையில்லை. “படத்திலை இருக்கிறவன்தான் வந்திருக்கிறான் எண்டு அவங்களுக்குத் தெரியவேணும், வழிச்சுப்போட்டுப் போ” என்றார் குணம் அண்ணை. வழித்தேன். விசாரணையில் யாரும் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மறுநாள் நூறு மீற்றரில் போய் நிற்கிறேன், கீழேயிருந்து “இருநூறு” என்று சத்தம் வருகிறது. பரீட்சைக்கு ஒரு கிழமைகூட இல்லை.

இறங்கி வந்தேன். றோஸ்மாரி கிட்ட வந்து என் மேலுதட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னா: “எடுக்கமுதல் என்னை ஒருசொல் கேட்டிருக்கலாம். என்ரை நூறு மீற்றரையெல்லோ வழிச்சுப்போட்டீர்.”

வெப்பக்காற்று

பரீட்சை நாளில் மலை கடந்து வெப்பக்காற்று வீசியது. அந்தக் காற்றில் வானம் துடைத்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எதிர்மலை கிட்ட வந்து நிற்கும். பக்கத்து வீட்டு மனிசி அதிலே உடுப்புக் காயப்போட்டுவிட்டா. பரீட்சகர்களுக்குச் சூப் கொண்டுபோன சாட்டில் நானும் நின்றேன். மேய்ச்சல் சரிவின் உச்சியில் இருந்த வைக்கோல் கொட்டிலைக் காட்டி, தூரம் எவ்வளவு என்று கேட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த றெத்தோ “நூற்றைம்பது” என்று இருமினார். உதவி செய்தாரா, கெடுக்கப் பார்த்தாரா என்று அவருக்கே தெரியாது.

றோஸ்மாரி அவசரப்படவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த ஊர்ச் சுடுதளத்தின் நூறு மீற்றர் நீளத்தை, பாய் விரிக்கிற மாதிரி மனத்தால் புல்லில் விரித்தா. வேலிவரை ஒரு பாய், வேலியிலிருந்து மேலே இன்னொன்று. பிறகு, இந்தக் காற்று எதையும் கிட்டத்தான் காட்டும் என்று கொஞ்சம் கூட்டி, “இருநூற்றுப் பத்து” என்றா. பரீட்சகர் தலையாட்டினார். மிச்சக் கேள்விகளிலும் அதே பாய்தான்.

றெத்தோ கை கொடுத்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. “நான் சொன்னதைக் கேளாமல் விட்டபடியால்தான் உனக்குப் பாஸ். அதுவும் என்ரை உதவிதான்.”

முதல் வேட்டை

செப்டெம்பரில் றோஸ்மாரி தகப்பனின் துவக்கோடு விடிய மலையேறினா. பின்னேரம் கடையில் ஊரே கூடியிருந்தது. நான் இறைச்சிக்கென்று பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றியும் வைத்துவிட்டேன். வந்தவ, வெறும் கையோடு. மலையாடு ஒன்று பாறையில் நெடுநேரம் நின்றதாம், நல்ல கிடாயாம், இவ சுடவில்லையாம். பயந்துவிட்டாயோ என்று றெத்தோ கேட்டார்.

அவ துவக்கை அதே ஆணியில் தானே மாட்டினா. “கண்ணுக்குக் கிட்ட நிண்டது, றெத்தோ. குண்டுக்குத் தூரம். காயப்பட்டு ஓடினா ஆர் தேடிப் பிடிக்கிறது? அது நிக்கட்டும், நாளைக்கு நான் இன்னும் கிட்டப் போவன்.”

அன்றிரவு எல்லாருக்கும் உருளைக்கிழங்குதான் பொரித்தேன். கெட்டிக்கார வேட்டைக்காரர் நிறைந்த ஊரில் அதிகம் செலவாவது கிழங்குதான் என்பதே என் தொழில் அனுபவத்தின் மொத்தச் சாரம்.