வால் சீட்டின் மூன்று உறைகள்

பஸ் சீட்டு தைக்கிறவளுக்கு மூக்கு சீக்கிரம் செத்துவிடும் என்று தெருவில் சொல்வார்கள். அவளுக்குச் சாகவில்லை. இருபத்தாறு வருஷமாக பஸ், டாக்சி, ஆம்புலன்ஸ் என்று எதன் சீட்டு வந்தாலும், உறையைக் கிழித்ததுமே சொல்லிவிடுவாள்: இது பால் வாந்தி, இது மீன் தண்ணி, இது பீர். சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்குவாள். அழுக்கின் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த சீட்டை மட்டும் இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தாள். போர்க்காலக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வால் நுனியில், துப்பாக்கிக்காரன் தனியாக உட்காரும் சீட்டு அது. அந்தத் துப்பாக்கிக்காரன் அவளுடைய மாமனார். இப்போது தொண்ணூற்றொரு வயது. விமானத்தைப் புதுப்பித்து வெள்ளிக்கிழமை திறக்கிறார்கள். கிழவர் தன் பழைய சீட்டிலேயே ஏறி உட்கார்ந்து பத்திரிகைக்காரர்களுக்குக் காட்சி கொடுக்க வேண்டும்.

"அந்தச் சீட்ல என்னைத் தவிர ஒருத்தன் உக்காந்தது கிடையாது. முப்பத்தோரு தடவை வானத்துல ஏறினேன். ஒரு தடவைகூட கை நடுங்கல." இதை அவர் சொல்லாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு விசேஷம் நடந்ததில்லை. அடுத்த வரியும் மாறாது: "எனக்குப் பொறந்தத பாரு, ஒழுகல்."

ஒழுகல் என்பது அவள் கணவர். தெருமுனையில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒன்பது வயது வரை படுக்கையை நனைத்தவர். அதற்கு அப்பா கண்டுபிடித்த மருந்து, நனைந்த மெத்தையைப் பிள்ளையின் தலையில் ஏற்றி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்க விடுவது. பழக்கம் நின்றுவிட்டது, பேர் நிற்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில், சம்பந்திகள் முன்னால், "டேய் ஒழுகல், அந்த நாற்காலிய இழு" என்றால் அவர் சிரித்துக்கொண்டே இழுப்பார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பார்க்க முடியாது. விழா மேடையிலும் மெத்தைக் கதையைச் சொல்வதாகக் கிழவர் எழுதி வைத்திருந்தார். "சனங்க சிரிக்கணும்ல?"

புதன்கிழமை காலை உறையைப் பிரித்தாள். மேல் கான்வாசுக்குக் கீழே இன்னொரு கான்வாஸ். அதற்கும் கீழே இன்னொன்று. மூன்றிலும் நடுவே பழுப்பு வட்டம், ஓரத்தில் பூத்த உப்பு. ஈரத்துணியை வைத்ததும் எழுபது வருஷத்து நாற்றம் எழுந்து உட்கார்ந்தது. என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாருடையது என்பதைத் தையல் சொல்லிவிட்டது. இடப்பக்கம் சாய்ந்த தையல், நாலு தையலுக்கு ஒரு தரம் பின்னால் போய்த் திரும்பும் நூல். வீட்டில் செருப்பு வாரையும் பையின் காதையும் கிழவர் அப்படித்தான் தைப்பார். அவளிடம் கொடுக்கமாட்டார். "நீ பஸ் சீட்டு தைக்கிறவ. இது ராணுவத் தையல்."

சீட்டை மாற்றித் தரச் சொல்லி அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொரு தரமும் கறை மேல் ஒரு துணியை வைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் தைத்து மூடியிருக்கிறார்.

இருபத்திரண்டு வயதுப் பையன், இருட்டில், குளிரில், தன்னைக் குறி வைத்துச் சுடுகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. அதோடு முடிந்திருந்தால் துவைத்து, மூடி, வாய் திறக்காமல் இருந்திருப்பாள். அதே கை பின்னாளில் ஒரு குழந்தையின் தலையில் மெத்தையைத் தூக்கி வைத்தது என்று நினைத்தபோதுதான் கையுறையைக் கழற்றி எறிந்தாள். குழாயடிக்குப் போய் நின்றாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

பதினொரு மணிக்குக் கிழவர் கைத்தடியோடு வந்தார். "என்னம்மா, என் சிம்மாசனம் எப்படி இருக்கு?"

"மூணு உறை இருக்கு மாமா."

மேசையில் விரித்திருந்த மூன்றையும் பார்த்தார். "எலி" என்றார். "விமானக் கொட்டகையில எலி ஜாஸ்தி."

"எலி தைக்குமா மாமா?"

கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சீட்டில் என்னென்ன கிடைத்தது என்று எழுதித் தர அருங்காட்சியகம் ஒரு தாள் கொடுத்திருந்தது. அதைத் தடியால் அவள் பக்கம் தள்ளினார். "எலின்னு எழுதிட்டு மேல ஒண்ணு நல்லா தைச்சு மூடிடு. அங்க இருந்தவனுக்குத்தான் தெரியும்."

"அங்க நடந்தத நான் கேக்கல. பிள்ளை தலையில மெத்தைய ஏத்தினப்ப, இது ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்ததாலதான் ஏத்தினேன். எம்புள்ள அப்படி ஆயிடக் கூடாதுன்னு."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு லேசாக இருந்திருக்கும்.

அப்பாவைச் சாப்பிடக் கூட்டிப் போக அவள் கணவர் வந்தார். துணிகளைப் பார்த்தார், குனிந்தார், பூட்டின் உள்வாயைத் தடவுவதுபோல் அந்தத் தையலை விரலால் தடவினார்.

"மூணு தடவையாப்பா?"

"நாலு" என்றார் கிழவர். "மொத உறைய எரிச்சுட்டேன்."

"சொல்லியிருக்கலாமேப்பா. உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். கிழவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தாள யாரு படிப்பா?"

"ஃபைல்ல கிடக்கும்பா."

"அப்பச் சரி." கிழவரின் முதுகு நிமிர்ந்தது. "என் கோட்டு இஸ்திரிக்குப் போயாச்சா? டேய் ஒழுகல், வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே வந்துடு. ஏணியில என்னைத் தூக்கி ஏத்தணும்."

இத்தனை வருஷத்தில் எந்தச் சீட்டின் நாற்றமும் அவளை இப்படிப் பின்வாங்க வைத்ததில்லை. சுவரில் முதுகு இடித்தது. கணவரைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் வரலப்பா."

"என்னது?"

"கடை இருக்கு."

"அப்ப யாருடா என்னை ஏத்துவா?"

அப்பாவைச் சாப்பிடக் கூட்டிப் போக வந்தவர், அவரை விட்டுவிட்டே படியிறங்கிப் போய்விட்டார். கிழவர் மருமகள் பக்கம் திரும்பினார். அவள் தாளை இழுத்து எழுதிக்கொண்டிருந்தாள்: பழைய உறை மூன்று. மூன்றிலும் மனித மூத்திரக் கறை. தைத்தது, சீட்டில் உட்கார்ந்தவர். துணிகளை மடித்து ஒரு பைக்குள் போட்டு, தாளை அதன் மேல் குத்தினாள்.

"ஒரே உறைதான் போடுறேன் மாமா. நாளைக்கு ரெடியாயிடும். ஏற முடிஞ்சா உக்காருங்க."