பெரியவரை வெட்ட வேணும்

ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, சீசன் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சீசன் தொடங்கும். செப்டெம்பர் கடைசியில் யாராவது கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் குழு அதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டுக்குப் போயிருக்கும். அது எந்தக் குழு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள், மிச்சப்பேர் பாவம் பார்ப்பார்கள். ஒக்டோபர் வந்ததும், மைதானத்தில் புல் மட்டும் இருக்கிற நாட்களில், பிளாக்டவுனுக்குப் பக்கத்தில் ஒரு லோன்ரியின் லஞ்ச் ரூமில் நாங்கள் மூன்று பேர் அந்தக் குழுவை அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டுவோம்.

லோன்ரி என்றால் ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, அயன் பண்ணி, மடித்து அனுப்புகிற ஆலை. மூன்று பேரில் ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மதுரைக்காரர். மற்றவர் துவைக்கும் மெஷின்களைப் பார்க்கிற நானா. நானா கிழக்கிலங்கை முஸ்லிம். பத்து வருடம் மெல்பேர்னில் இருந்து, ஃபுட்டி என்கிற வியாதியை அங்கிருந்து கொண்டுவந்து எங்களுக்குத் தொற்றவைத்தவர். மூன்றாவது ஆள் நான்.

ஒரு குழு தன் ஆட்டக்காரர் எல்லாருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. சாலரி கப் என்பார்கள். நானா அந்தக் கப்பைத் தமிழாக்கித் தொப்பி என்பார். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் அதுதான் பெயர்.

“என்ட தொப்பிக்குள்ள ஒரு தல. இவங்கட தொப்பிக்குள்ள நாப்பது தல. எப்பிடி மச்சான் அடங்கும்?” என்று தலையில் இருந்ததைத் தட்டிக் காட்டுவார்.

“அடங்காதுண்ணா. அதான் சொல்றேன், அந்த ஃப்ரீ ஏஜென்ட் நமக்கு வேணாம்,” என்பார் மதுரைக்காரர். “ஒப்பந்தம் முடிஞ்சு சும்மா நிக்கிறான்னு ஆசைப்பட்டு ஆறு வருஷத்துக்கு எழுதிக் குடுத்தா, நாலாவது வருஷம் வெந்நீர் ஒத்தடம் குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பான்.”

“அப்ப நீ ட்ராஃப்டுல பொடியன்களப் புடிச்சிப் பால் குடுத்து வளத்தெடு. நான் மவுத்தாகிறதுக்குள்ள ஒரு கோப்பையக் காட்டிருவியா?”

ட்ராஃப்ட் என்கிற, புது இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில், சீசனில் கடைசியாக வந்த குழு முதலில் ஆளெடுக்கலாம். அதனால் அந்த வரிசையில் மட்டும் நாங்கள் எப்போதும் முன்னுக்கு நின்றோம்.

யாரை வாங்குவது என்று அவர்கள் இருவரும் அடிபடுவார்கள். யாரை வெட்டுவது என்பது என் துறை. பட்டியலில் ஓர் இடம் காலியானால்தான் புது ஆள் வரலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா பாரங்களில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்தவர். ஒரு விஷயத்தைக் காரணம் சொல்லி நிறுவுகிற சுகம் எனக்குப் புதிது. இவன் எத்தனை ஆட்டம் விளையாடினான், எத்தனை தரம் காயப்பட்டான், என்ன சம்பளம் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் “வெட்ட வேணும்” என்று முடிப்பேன். மதுரைக்காரர் “ஜட்ஜய்யா சொல்லிட்டாரு” என்று மேசையைத் தட்டுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆட்டக்காரருக்கெல்லாம் நாங்கள் வைத்த பெயர்கள்தான். நெட்டையன், கிளிமூக்கன், கல்யாண மாப்பிள்ளை. பின்வரிசையில் நின்ற மூத்த ஆட்டக்காரனுக்கு நானா வைத்த பெயர் பெரியவர். இளம் ஆட்டக்காரரைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டி அவன் பேசுவதைப் பார்த்துவிட்டு, “டேய், நம்மட பெரியவர் மாதிரியே இரிக்காண்டா” என்று விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

நம்முடைய பெரியவர் அயன் லைனில் வேலை செய்தார். அறுபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்துக்காரர். ஆலையில் தமிழர் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். நேரில் நான் அங்கிள் என்பேன். அவருக்கு ஃபுட்டியில் ஈடுபாடில்லை. “ஒரு பந்துக்கு இத்தனை பேர் அடிபடுறாங்கள். ஆளுக்கொண்டு வாங்கிக் குடுத்தா என்ன?” என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியோடு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பெண்டில் ஹில்லில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க அவருடைய காரில்தான் போய் வந்தேன். பெட்ரோலுக்கு என்று எதை நீட்டினாலும், “வைச்சுக்கொள்ளும். படிக்கிற பிள்ளை” என்பார்.

போன வருடம் நான் அயன் லைனுக்கு லீடிங் ஹாண்ட் ஆனேன். மனேஜருக்குக் கீழே, வேலையாட்களுக்கு மேலே ஒரு படி. யார் எந்த மேசையில் என்று ரோஸ்டர் எழுதி, லைன்காரர் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் பொறுப்பு. அதற்குப் பிறகு ஒரு நாள், அவரோடு வீட்டுக்குத் திரும்பும்போது, அவர் காரை வீதியோரம் நிறுத்தி, ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார்.

“இங்கிலீசில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காச் சொல்லும்.”

ஸ்கான் அறிக்கை. வலது முழங்காலில் எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்துவிட்டது. நீண்ட நேரம் நிற்கக் கூடாது. வாசித்துச் சொன்னேன். கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார்.

“பென்சனுக்கு இன்னும் அஞ்சு வருசம் கிடக்கு, தம்பி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்.”

“சொல்லமாட்டன் அங்கிள்.”

சொல்லவில்லை. ரோஸ்டரில் மட்டும் அவரைப் பெரிய அயன் மெஷினிலிருந்து எடுத்து, சிறிய துவாய்கள் மடிக்கிற மேசையில் போட்டுவந்தேன். அங்கே உட்கார ஒரு கதிரை உண்டு. லைனில் நின்ற அன்ரி ஒருவர், “உமக்கும் பெரியவருக்கும் அப்பிடி என்ன சொந்தம்?” என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

இந்த ஒக்டோபரில் மனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஓர் ஆஸ்பத்திரியின் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது, அயன் லைனில் ஒருவர் குறைய வேண்டும் என்றார். ஆட்களை நன்றாகத் தெரிந்தவன் நீ, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயர் சொல், அதுவரை வெளியே பேசாதே. அன்று திங்கட்கிழமை.

இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. லைனில் பதினொரு பேர். ஒருவர் தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண். இன்னொருவரின் விசா இந்த வேலையில்தான் தொங்குகிறது. ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்து விலக்க விலக்கப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் யாரில் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் திரும்ப முதல் ஆளிலிருந்து தொடங்குவேன்.

புதன்கிழமை மத்தியானம், அடுத்த கிழமை ரோஸ்டரைப் போட்டுவிட்டு வெளியே காற்று வாங்க வந்தேன். அந்த நேரம் பார்த்து, நானா தொப்பிக் குழுவில் அனுப்பிய செய்தி ஒன்று போன் திரையின் மேலே வந்து நின்றது. எங்கள் மூத்த ஆட்டக்காரனுக்கு முழங்காலில் திரும்பவும் ஆப்பரேஷனாம், ஆனாலும் இன்னும் ஒரு வருடம் வைத்திருப்பார்களாம். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. குரல் செய்திப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

“பெரியவரை இந்த முறை வெட்டத்தான் வேணும் மச்சான். முழங்கால் முடிஞ்சுது. மனம் பாத்துப் பாத்து வைச்சிருந்தது காணும். அவருக்குக் குடுக்கிற காசில ரெண்டு பெடியளை எடுக்கலாம்.”

போனைப் பையில் போட்டேன். நாற்பது நிமிடம் கழித்து, லைன்காரர் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, நானா லைனுக்குள் ஓடிவந்தார். மெஷின் பகுதியை விட்டு அவர் இங்கே வரவே கூடாது.

“டேய், தொப்பியில போட வேண்டியத எங்கடா போட்டிரிக்காய்?”

ரோஸ்டர் போட்ட குழு அப்படியே திறந்தபடி இருந்திருக்கிறது. அதில்தான் பேசியிருக்கிறேன். அழித்தேன். ஆனால் கேட்டவர்களின் காதிலிருந்து அழிக்க முடியாது. மடிக்கிற மேசையைப் பார்த்தேன். கதிரை இருந்தது, அவர் இல்லை.

கார் பார்க்கில் காருக்குள் இருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.

“அங்கிள், அது உங்களைச் சொல்லேல்லை. ஃபுட்டி விளையாடுற ஒருத்தன். அவனுக்கும் பெரியவர் எண்டுதான் பேர்.”

“வெள்ளைக்காரனுக்கோ?”

“ஓம். நாங்கள் வைச்ச பேர்.”

“ஏன் அவனுக்கு என்ர பேரை வைச்சனீங்கள்?”

“அவன்தான் அதில மூத்தவன்.” அது பாதி உண்மை.

“அவனுக்கும் முழங்காலோ?”

“சத்தியமா அங்கிள்.” நானா அனுப்பியதைத் திறந்து, ஆட்டக்காரனின் படத்தைக் காட்டினேன். முழங்காலில் பெரிய கட்டு.

படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். “நான் பயந்துபோனன் தம்பி. நீர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டீர் எண்டு நினைச்சன். என்ர மனுசிக்குக்கூட ஃபோன் பண்ணீட்டன்.” காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். நாங்கள் இருவரும் சேர்ந்து உள்ளே நடந்தோம். அவ்வளவு தூரத்தில் நான் மற்றதையும் சொல்லியிருக்கலாம்.

வியாழன் மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பெட்டியோடு எங்கள் மேசைக்கு வந்து குந்தினார். “எங்கை, எனக்கும் இந்தத் தொப்பிக் கதையை விளங்கப்படுத்துங்கோ பாப்பம்.” நானா உற்சாகமாகி உப்புப் போத்தலையும் ஊறுகாய்ப் போத்தலையும் ஆட்டக்காரராக வைத்துப் பாடம் நடத்தினார். மதுரைக்காரர் என்னைப் பார்த்து, “என்ன ஜட்ஜய்யா, தீர்ப்பு ஒண்ணும் வரக் காணோம்?” என்றார். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

அவர் நம்பிவிட்டார். ஆனால் லைனில் இருந்தவர்கள் அவருடைய காலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். முழங்கால் என்ற சொல் விழுந்த பிறகு அவர் நடக்கிற விதம் எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கு ஏன் கதிரை என்பதும் விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மனேஜர் கதவைச் சாத்தினார். அந்த வயதான மனிதருக்கு முழங்கால் சுகமில்லை என்று பேச்சு அடிபடுகிறது, உனக்குத் தெரியுமா? இது பாதுகாப்பு விஷயம். உண்மையைச் சொல்ல வேண்டும்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத்தான் தெரியும், அவரையே கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த பழக்கம் ஒன்று இருக்கிறது: கேட்டால் தெரிந்ததைச் சொல்லிவிடுவது. ஓம், தெரியும் என்றேன். வேறு பெயர் ஏதாவது சொல்கிறாயா என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். அவர் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை காலை கூப்பிட்டுச் சொல்வார்களாம், இன்னும் ஒரு கிழமை, அடுத்த வெள்ளி வரை, வேலை இருக்குமாம்.

சனிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர்கள் அறையில் வைத்துச் சொல்வதற்கு முன்பு நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அது அவருக்காகவா எனக்காகவா என்று இன்றும் தெரியவில்லை. அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “உம்மடை வெள்ளைக்காரப் பெரியவர் சுகமோ?” என்று பகிடி விட்டுக் குசினிக்குள் போனார்.

சொன்னேன். ஒப்பந்தம் போனது, ஒரு பெயர் கேட்டது, திங்கட்கிழமையே எனக்குத் தெரிந்திருந்தது. முழங்கால் கதை மேலே போனதையும் சொன்னேன்.

“அப்ப நீர் எனக்குப் படம் காட்டேக்கை உமக்குத் தெரியும்.”

“ஓம்.”

“முழங்காலை ஆர் கேட்டது?”

“மனேஜர்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“தெரியும் எண்டனான்.”

குசினியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் சுகமாக இருந்திருக்கும். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“வாற கிழமைக்கு என்னை எங்கை போட்டிருக்கிறீர்?”

“துவாய் மேசையில.”

“மாத்தும். பெரிய மெசினில போடும்.”

“அங்கிள், நிக்க ஏலாது உங்களுக்கு.”

“போடும் எண்டுறன். பதினேழு வருசம் அதிலதான் நிண்டனான். கதிரையில இருத்தி அனுப்பினது எண்டு ஒருத்தரும் கதைக்கக் கூடாது.”

அன்று பின்னேரமே ரோஸ்டரை மாற்றிப் போட்டேன். அனுப்புவதற்கு முன் குழுவின் பெயரை மூன்று தரம் பார்த்தேன்.

பெரிய அயன் மெஷினுக்கு விரிப்பைக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சுருக்கமில்லாமல் விரித்து, உருளைக்குள் விட வேண்டும். அவரோடு ஜோடியாகப் போட்டிருந்த அன்ரி புதன்கிழமை வரவில்லை. வேறு ஆளை எடுத்தால் மடிக்கிற மேசை நின்றுபோகும். நான் போய் மற்ற முனையைப் பிடித்தேன்.

முழு நாளும் நின்றோம். அவர் பாரத்தை இடது காலில் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குப் பிறகு ஒவ்வொரு விரிப்புக்கும் இடையில் மெஷினின் ஓரத்தை ஒரு கையால் பிடித்தார். ஃபுட்டியைப் பற்றியோ திங்கட்கிழமை அந்த அறையில் நடந்ததைப் பற்றியோ ஒரு சொல் பேசவில்லை. நிறுத்துவோமா என்று ஒரு தரம் கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். என் பக்கத்து முனை தொய்ந்திருந்தது.

“இழுத்துப் பிடியும் தம்பி,” என்றார். “சுருங்குது.”

இழுத்துப் பிடித்தேன்.